முகத்துவாரம் அடைத்தால் பழவேற்காட்டில் யாருக்கு என்ன நட்டம்? பாடு முறை ஒரு விளக்கம்

ஏரியும் கடலும் சேரும் பழவேற்காடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது, மீனவர்கள் போராட்டம் என்று கோடை நெருங்கும்போது அடிக்கடி செய்தி வருகிறது. ஏரிக்குள் மீன் பிடிப்பதில் ஊர்களுக்கு நடுவே தகராறு என்று இன்னொரு செய்தி. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிர்ப்பு என்று மூன்றாவது. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, ஏரி அடைத்துக்கொண்டால் கடலுக்குப் போகலாமே? தண்ணீர் எல்லாருக்கும் பொதுதானே, அதில் என்ன எல்லைச் சண்டை?

இந்த மூன்று செய்திகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். அந்த ஏரிக்கரையில் ஒரு குடும்பம் எப்படிச் சம்பாதித்தது என்பது. படகும் வலையும் அந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி மட்டுமே. எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்கிற உரிமைதான் பல குடும்பங்களுக்கு அவற்றைவிடப் பெரிய சொத்தாக இருந்தது. அந்த உரிமையைப் பங்கிடும் ஏற்பாட்டுக்குப் பெயர் பாடு.

## ஏரி என்கிற பெயரில் ஒரு காயல்

பழவேற்காடு ஊர் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரை ஒட்டிய நீர்ப்பரப்பை ஏரி என்று அழைத்தாலும் அது மழைநீர் தேங்கும் ஏரி இல்லை. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு கிடக்க, அதன் பின்னால் நிற்கும் உவர்நீர்க் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியதாகச் சொல்லப்படுவது இதுதான். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும் தமிழ்நாட்டில். ராக்கெட் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாதான் கடலையும் ஏரியையும் பிரிக்கும் அந்தத் திட்டு.

தெற்கில் ஆரணி ஆறும் வடக்கில் காளங்கி ஆறும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் வந்து போவதற்கு முகத்துவாரங்கள் இருக்கின்றன. பழவேற்காட்டை ஒட்டியிருப்பது அவற்றில் முக்கியமானது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே மீன் பிடிக்கலாம்.

உப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் ஆற்றுவாய்ப் பக்கம் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையின் கடைசியில் வடக்குப் பகுதி கடலையும் விட உப்பேறி நிற்கும். மீனும் இறாலும் நண்டும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவைதான். ஆனால் முகத்துவாரம் திறந்திருந்து தண்ணீர் போய்வந்தால்தான் அந்தப் பழக்கம் செல்லும்.

முகத்துவாரம் ஏன் அடைபடுகிறது? தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அந்த மணல் முகத்துவாரத்தில் சேரும். அப்போது ஆற்றில் தண்ணீர் குறைவு என்பதால் உள்ளிருந்து வெளியே தள்ளும் வேகமும் இருக்காது. வாய் குறுகும், வடக்கே நகரும், சில வருடம் முழுதாக மூடிக்கொள்ளும். மழை வந்து வெள்ளம் இறங்கும்போது மறுபடி உடைத்துக்கொண்டு திறக்கும். இது இயல்பாக நடந்துவந்த சுழற்சி. அடைப்பு எத்தனை மாதம் நீடிக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

## இறால் போகும் வழியும் அது வைக்கும் விலையும்

பாடு ஏன் தோன்றியது என்று புரிய இறாலின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெள்ளை இறாலும் வரி இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் சில வாரங்களில் நீரேற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடும். ஆழமில்லாத, சேறும் பாசியும் நிறைந்த ஏரியில் தீனி அதிகம், பெரிய மீன்களின் தொல்லை குறைவு. சில மாதம் வளர்ந்ததும் மறுபடி கடலை நோக்கிக் கிளம்பும். தண்ணீர் வற்றும் நேரத்தில், பெரும்பாலும் இரவில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீரேற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும் ஓத நாட்களில் கூட்டமாக வெளியேறும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு எளிது. ஏரி முழுக்கச் சிதறிக் கிடக்கும் இறால் ஒரு சிறிய வாசல் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அந்த வாசலை ஒட்டிய நீரோட்டத்தில் கழிகளை ஊன்றி வலையைக் கட்டி வைத்தால் வற்றும் தண்ணீரே இறாலைக் கொண்டுவந்து வலையில் சேர்க்கும். வாசலிலிருந்து தள்ளித் தள்ளிப் போனால் அகப்படுவதும் குறையும்.

அப்படியானால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் கரையில் நல்ல இடம் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருக்கும். முன்னால் ஒருவர் வலை கட்டினால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் வராது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கே என்று விட்டால் தினமும் இரவில் அடிதடிதான். நிரந்தரமாகப் பிரித்துக் கொடுத்தால் நல்ல இடம் கிடைத்த குடும்பம் தலைமுறைக்கும் பணக்காரக் குடும்பம், மற்றவர்கள் அவர்களிடம் கூலி. இரண்டும் வேண்டாம் என்று ஊர் கண்ட வழிதான் முறை வைப்பது.

## பாடு எப்படி நடக்கிறது

பாடு என்ற சொல்லே அழகானது. உழைப்புக்கும் பாடு என்போம், கஷ்டத்துக்கும் பாடு என்போம். மீனவர் பேச்சில் அன்றன்று அகப்படுவது மீன்பாடு. 'இன்னைக்கு மீன்பாடு எப்படி?' என்றுதான் கரையில் கேட்டுக்கொள்வார்கள். பழவேற்காட்டில் அதே சொல் வலை கட்டும் இடத்தையும், அங்கே வலை கட்டும் உரிமையையும் சேர்த்துக் குறிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற பட்டினவர் (கரையோர மீனவச் சமூகத்தார்) ஊர்கள் இதைக் கடைப்பிடித்துவந்தன. விதிகளைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்.

1. உரிமை ஊரைச் சேர்ந்த தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் கல்யாணமாகித் தனிக்குடும்பமாக எண்ணப்படும் ஆண். ஊர்ச் செலவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரி கொடுப்பவரும் அவரே. ஆக, ஊர்க் கணக்கில் பெயர் இருந்தால்தான் தண்ணீரிலும் பங்கு.

2. உரிமை குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும். முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகள் பெயர் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கும். ஏரியின் மற்ற பகுதிகளில் இந்த முறை கிடையாது.

3. எந்த ஊருக்கு எந்த நாள் எந்த இடம் என்பது சுற்று முறையில் வரும். ஊருக்குள் யார் எப்போது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும்.

4. வலையின் வகையையும் ஊரே முடிவு செய்யும். பாடு இடத்தில் கட்டுவது கழியில் கட்டி நிற்கவிடும் வலை. ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது என்பதால் சிலர் சேர்ந்து ஒரு குழுவாகி, கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

5. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து அபராதம் போடும். பெரிய மீறல் என்றால் முறையிலிருந்தே நிறுத்திவைக்கும்.

இந்த ஐந்தில் மூன்றாவதுதான் உயிர்நாடி. சீட்டு, திறமையை இடத்திலிருந்து பிரித்துவிடுகிறது. திறமைசாலி தன் முறையில் கூடுதலாகப் பிடிக்கலாம், ஆனால் அடுத்தவன் முறையைப் பிடுங்க முடியாது. புதிதாகக் கல்யாணமான, படகுகூடச் சொந்தமாக இல்லாத இளைஞனுக்கும் ஊர்ப் பெரியவருக்கும் சீட்டில் ஒரே எடை.

இது பழவேற்காட்டில் மட்டும் இருக்கும் வழக்கம் இல்லை. கொச்சிக் காயலில் கழி ஊன்றிக் கட்டும் வலைகளுக்குப் பாடு உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கான இடங்களைச் சங்கங்கள் முறை வைத்துப் பங்கிடுகின்றன. வட இலங்கையில் கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டையே பாடு என்று சொல்கிறார்கள்.

## முறை இல்லாத நாளில் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் குடும்பப் பொருளாதாரம் விளங்கும். பாடு நாள் தினமும் வராது. முறை நாட்களுக்கு நடுவே நாட்கள் போகும், சில சமயம் வாரங்கள்கூட. அடுப்பு மட்டும் தினமும் எரிய வேண்டும்.

அதனால் பாட்டு வருமானம் சம்பளம் மாதிரி இல்லை, அறுவடை மாதிரி. ஒரு நல்ல இரவில் மொத்தமாக வந்து பழைய கடனை அடைக்கும், வலை நூல் வாங்கும், கல்யாணச் செலவுக்கு எடுத்து வைக்கும். அன்றாடச் செலவை ஓட்டியவை வேறு வேலைகள்.

ஆண்கள் பாடு இல்லாத நாளில் ஏரியின் மற்ற பகுதிகளில் வீச்சுவலை, செவுள்வலை போட்டு மடவை, கொடுவா, கிழங்கான், கெளுத்தி, நண்டு பிடித்தார்கள். சிலர் கடலுக்கும் போனார்கள். ஆனால் ஏரிக்குரிய படகும் வலையும் வேறு, கடலுக்குரியவை வேறு. கடல் தொழிலுக்கு முதல் அதிகம், ஆபத்தும் அதிகம். 'பக்கத்திலேயே கடல் இருக்கிறதே' என்ற கேள்விக்குப் பதிலின் ஒரு பாதி இது. மறுபாதி இன்னும் எளிமையானது. ஏரியோரத்து ஊரிலிருந்து படகு கடலுக்குப் போவதும் அதே முகத்துவாரம் வழியாகத்தான். அது அடைத்தால் ஏரித் தொழிலோடு கடல் தொழிலும் சேர்ந்தே நிற்கும்.

பெண்களின் உழைப்பை எந்தக் கணக்கிலும் காணோம், ஆனால் மீன் காசாக மாறியது அவர்கள் கையில்தான். கரைக்கு வந்த மீனைத் தரம் பிரிப்பது, ஏலத்தில் எடுப்பது, கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக, பொன்னேரிச் சந்தை வரை கொண்டுபோய் விற்பது, விற்காததை உப்புப் போட்டுக் கருவாடாக்கி மீன்பாடு இல்லாத மாதங்களுக்கு வைத்திருப்பது எல்லாம் அவர்கள் வேலை. கருவாடு என்பது இங்கே வெறும் சாப்பாட்டுப் பொருள் இல்லை, சேமிப்பு. ஐஸ் பெட்டி வருவதற்கு முன் மீனைப் பணமாக வைத்திருக்க அதைவிட்டால் வழி கிடையாது. வீட்டின் கொடுக்கல் வாங்கலையும் பெரும்பாலும் பெண்களே பார்த்தார்கள்.

அப்புறம் வலை வேலை. நைலான் வருவதற்கு முன் பருத்தி நூல் வலையை வீட்டிலேயே பின்னி, மரப்பட்டைச் சாற்றில் ஊற வைத்து, காயப் போட்டு, கிழிந்ததை வாரா வாரம் தைக்க வேண்டியிருந்தது. கிழவர்களும் பிள்ளைகளும் இதில் இறங்கினார்கள். கடலுக்குப் போக முடியாத வயதிலும் ஒருவர் குடும்பத்துக்குத் தேவையானவராக இருந்தார்.

மீனைத் தாண்டியும் ஏரி பிழைப்புக் கொடுத்தது. ஏரியடியில் கிடக்கும் மட்டி ஓடுகளை அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுப்பது ஒரு தொழில். சென்னையின் பழைய கட்டடங்கள் பேர் வாங்கியதே கிளிஞ்சல் சுண்ணாம்பால்தான். பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரியை ஊடுருவிப் போகிறது. சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதல் பகுதி 1806-இல் வெட்டப்பட்டது; தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, 1878-இல், அன்றைய ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். ரயிலும் லாரியும் அந்தச் சரக்கைப் பிடுங்கிக்கொள்ளும்வரை ஸ்ரீஹரிகோட்டா விறகும் சுண்ணாம்பும் உப்பும் படகில் சென்னைக்குப் போயின. படகு தள்ளத் தெரிந்தவருக்கு அதில் கூலி இருந்தது.

அதற்கும் முன்னால் இது துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 17-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணியின் நினைவாக மலாய்க்காரர்கள் இன்றும் கைலியை 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். பெரிய கப்பல் ஏரிக்குள் வர ஆழம் போதாது. கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கியது சிறு படகுகள்தான். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருபவர்கள் அந்தப் படகுக்காரர்களின் கரையையும் ஒரு முறை நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் கடன் ஒழியவில்லை. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். வாங்கினால் பிடிப்பதை அவரிடமே, சந்தை விலையை விடக் குறைத்துக் கொடுக்க வேண்டும். பாட்டில் முறை உள்ளவருக்கு முன்பணம் சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் என்றைக்கு இறால் வரும் என்று வியாபாரிக்கே தெரியும். முறை ஒரு சொத்து என்று மேலே சொன்னதன் பொருள் இது. அதை அடகு வைக்க முடியாது, ஆனால் அதை நம்பிக் கடன் கிடைக்கும்.

## முறைக்கு வெளியே நின்றவர்கள்

பாடு முறையைப் பாராட்டி எழுதுவது சுலபம். சரி, அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முறை இருப்பவருக்குள் அது நியாயமானது. இல்லாதவருக்கு அது ஒரு சுவர். தலைக்கட்டு என்ற விதியோடு சாதியும் பிறந்த ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஏரியை நம்பிப் பட்டினவர் மட்டும் வாழவில்லை. இருளர் குடும்பங்கள் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கின்றன. பெண்கள் கூடையை வாயில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்காக நகர்வார்கள். வலை கிடையாது, படகு கிடையாது, முன்பணமும் கிடையாது. ஆந்திரப் பக்கம் ஏனாதிப் பழங்குடிகள் இதே நிலையில் இருக்கிறார்கள். பட்டியல் சாதிக் குடும்பங்களும் விவசாயக் கூலி குறைந்த காலத்தில் ஏரிக்கு வந்தன. இவர்கள் யாருக்கும் பாட்டில் இடம் இல்லை.

ஏரியில் இறால் நிறைய இருந்தவரை இது வெடிக்கவில்லை. முகத்துவாரம் பாட்டுக்காரருக்கு, மீதி ஏரி மற்றவர்களுக்கு என்று ஓடியது. இறால் குறைந்ததும் மற்றவர்கள் வாசலை நோக்கி வந்தார்கள். இன்று ஏரிக்குள் நடக்கும் தகராறுகளில் பலவற்றின் வேர் இது. 'தண்ணீர் பொது' என்ற வாதமும் 'எங்கள் பாட்டன் காலத்து முறை' என்ற வாதமும் இரண்டு பக்கமும் பொய்யில்லாமல் மோதிக்கொள்கின்றன. இருளர் பெண்ணின் கூடைக்கு இடம் தராத எந்தத் தீர்வையும் முழுத் தீர்வு என்று ஏற்க முடியாது.

## எது எப்போது மாறியது

முதலில் நைலான். மலிவு, உறுதி, வீட்டில் பின்ன வேண்டியதில்லை. பிடிக்கும் சக்தி கூடியது, வலை பின்னிய முதியவரின் வேலை போனது.

அடுத்து ஏற்றுமதி. உறைய வைத்த இறாலுக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விலை ஏற, 1980-களில் இறால் பாட்டின் மதிப்பே மாறிப்போனது. பணம் வந்தது. கூடவே ஏரிக்குப் புதிய ஆட்களும், பெரிய வியாபாரிகளும், கண்ணி சிறுத்த வலைகளும் வந்தன.

பிறகு இறால் பண்ணைகள். பண்ணைக் கழிவுநீர் ஏரியில் கலந்தது, வழக்கமாக நடந்துபோகும் பாதைகள் அடைபட்டன. காந்தியவாதி எஸ்.ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. இந்த ஏரிக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பில் இது பெரியது.

நான்காவது, மணலின் போக்கு. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது, அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர், வடக்கே நகரும் மணலை மறிக்கும். சுவரின் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் நூறு வருடங்களாகக் கண்முன் நடப்பது இதுதான். பழவேற்காடு இந்தத் துறைமுகங்களுக்கு வடக்கே இருக்கிறது. 6,000 ஏக்கருக்கு மேல் கேட்கும் காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்தப் புவியியல்தான் அடிப்படை. திட்டு மெலிந்து கடல் ஏரிக்குள் புகுந்தால் காயல் காயலாக இருக்காது.

வடக்கில் வேறு சங்கடம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. தண்ணீர் தாராளமாக வந்து போக முடியாததால் அந்தப் பக்கம் கோடையில் பெருமளவு வறண்டுபோகிறது. அங்கே தொழில் இழந்தவர்கள் தெற்கே வந்து வலை போட, அது மாநில எல்லைத் தகராறாகச் செய்தியில் வருகிறது.

## சுவர் கட்டி வாயைத் திறந்து வைத்தால்?

முகத்துவாரத்தின் இருபுறமும் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பி, தூர் வாரி, நிரந்தரமாகத் திறந்து வைக்கும் வேலையைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டதுதான். படகு போய்வர வழி கிடைக்கும், இறால் குஞ்சு உள்ளே வரும். தேவையான வேலை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பாட்டின் கண்ணோடு பார்த்தால் சில கேள்விகள் மீதம் இருக்கின்றன.

1. வாய் நிலையாக ஓரிடத்தில் நின்றால் நீரோட்டத்தின் பாதை மாறும். பெயர் வைத்துப் பிரித்த பாட்டு இடங்களில் சில பயனற்றுப் போகலாம், புதிய நல்ல இடம் வேறெங்காவது உருவாகலாம். அந்தப் புது இடம் எந்த ஊருக்கு, எந்த முறையில்?

2. பாட்டு உரிமை பத்திரத்தில் இல்லை, ஊரின் நினைவிலும் சீட்டிலும் இருக்கிறது. நிலம் எடுத்தால் பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். படகு உடைந்தாலும் கணக்குப் போடலாம். மாதத்தில் சில இரவுகள் தண்ணீரின் ஒரு துண்டில் வலை கட்டும் உரிமை போனால் எந்தத் தாளைக் காட்டுவது?

3. முறையில் இல்லாத இருளர் குடும்பத்துக்குக் காட்ட ஊர்ச் சீட்டுகூட இல்லை.

துறைமுகம், பாலம், சுவர் என எது வந்தாலும் முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. எந்த இடம், எந்த ஊர், எத்தனை தலைக்கட்டு, எந்தச் சுற்று என்பதையும், கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் எந்தெந்தத் திட்டுகளில் எந்த மாதங்களில் இறங்குகிறார்கள் என்பதையும், மீன் விற்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் ஊர்க்காரர்களை வைத்தே வரைபடமாக எழுதி அரசுப் பதிவில் சேர்ப்பது. சீட்டுக் குலுக்கும் ஊர்க் கூட்டங்களிலேயே இதைத் தொடங்கலாம். இடங்களின் பெயரெல்லாம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.